சார்ட்டர் பள்ளியைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் அரசு நிதியைக் கொண்டு, மாணவரிடம் கட்டணம் வாங்காமல், ஆனால் வட்டாரக் கல்வி நிர்வாகத்தின் விதிகள் பலவற்றிலிருந்து விலக்குப் பெற்றுத் தனிக் குழுவொன்று நடத்தும் பள்ளிக்குச் ‘சார்ட்டர் பள்ளி’ என்று பெயர். இவற்றுள் சில, மேல்நிலை வகுப்பிலேயே கல்லூரிப் பாடங்களையும் நடத்தி, பாடம் முடித்ததைக் கணக்கிடும் கிரெடிட்டுகளை மாணவர் ஈட்டிக்கொள்ள வழிசெய்கின்றன. யூட்டா மாநிலத்தில் வெபர் மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இயங்கும் நுவாம்ஸ் என்ற பள்ளி அத்தகையது. ஆங்கிலத்தில் ‘ஏர்லி காலேஜ் சார்ட்டர் ஹை ஸ்கூல்’ எனப்படும் இவ்வகைப் பள்ளிக்குத் தமிழ்ப்பெயர் தேடுவதே இங்கு நோக்கம்.

கிரேக்கத்தில் பாப்பிரஸ் தாளைக் குறித்த ‘கார்த்தேஸ்’ என்னும் சொல், இலத்தீனில் ‘கார்ட்டா’ ஆகி, அதன் குறுமை வடிவமான ‘கார்ட்டுலா’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, உரிமை வழங்கும் ஆவணத்தைக் குறிக்கும் ‘சார்ட்டர்’ ஆனது. 1215இல் இங்கிலாந்து மன்னர் வழங்கிய உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவிலும் இதே வேர்தான் இருக்கிறது. அந்தக் கிரேக்கச் சொல்லே அரபு வழியாகப் போர்த்துக்கீசியருக்குச் சென்று, அவர்கள் இந்தியப் பெருங்கடலில் வணிகக் கப்பல்களுக்கு வழங்கிய அனுமதிச் சீட்டின் பெயராகி, நம்மிடம் ‘கடுதாசி’யாக வந்து சேர்ந்தது. ஆகவே சார்ட்டரும் கடுதாசியும் தூரத்து உறவினர்.

பள்ளியோடு இச்சொல்லை இணைத்தவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரே பட். ஆசிரியர் குழுக்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்குச் சார்ட்டர் வழங்கலாம் என்ற அவரது கருத்தை, 1988இல் ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் பரவலாக எடுத்துச் சென்றார். 1991இல் மினசோட்டா மாநிலம் இதற்கான முதல் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டே செயின்ட் பால் நகரில் முதற்பள்ளி தொடங்கியது.

அகராதியைப் புரட்டினால் சார்ட்டருக்குப் பட்டயம், சாசனம் ஆகிய இரண்டும் கிடைக்கும். பட்டயம் இன்று டிப்ளமோவைக் குறிப்பதால், ‘பட்டயப் பள்ளி’ என்றால் பாலிடெக்னிக் நினைவுக்கு வரும். விவிலியத் தமிழில் பழகியவருக்கோ அது வாள். ‘சாசனப் பள்ளி’ கம்பீரமாக ஒலித்தாலும் பொருள் பிறழ்கிறது: சோழர் செப்பேடுகளின் கொடை, சந்திரனும் சூரியனும் உள்ளவரை நிற்க வேண்டியது. பள்ளியின் சார்ட்டரோ பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கே செல்லும். மாணவர் தேர்ச்சியிலோ கணக்கிலோ வாக்குத் தவறினால் புதுப்பிக்கப்படாது, இடையிலேயே பறிக்கப்படவும் கூடும். உரிமை தருவதோடு கடமையையும் காலக்கெடுவையும் விதிக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ‘உடன்படிக்கைப் பள்ளி’ என்பதே என் தெரிவு. ‘ஒப்பந்தப் பள்ளி’ பொருளால் நெருங்கினாலும், கட்டுமான ஒப்பந்தக்காரரை நினைவூட்டிவிடுகிறது.

கல்லூரிப் பாடம் கற்பிப்பது வேறு செய்தி. ‘ஏர்லி காலேஜ்’ எனப்படும் அவ்வகைப் பள்ளிகள் எல்லாமே சார்ட்டர் பள்ளிகள் அல்ல. 2001இல் நியூயார்க்கில் தொடங்கிய பார்ட் உயர்நிலைப்பள்ளி நகர அரசுப் பள்ளியே. ‘ஏர்லி காலேஜ்’ என்பதை ‘முன்கல்லூரி’ எனப் பெயர்த்தால், பிளஸ் டூ வருமுன் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இருந்த புகுமுக வகுப்போடு குழம்பும். ‘இணைக்கல்லூரிப் பள்ளி’ பொருந்தும். நம்பிக்கை என்னும் இலத்தீன் வேர் கொண்ட கிரெடிட்டுக்கு ‘மதிப்பலகு’ போதும். பெரும்பாலும் 60 மதிப்பலகு சேர்ந்தால் ஈராண்டு அசோசியேட் பட்டம் கிடைக்கும். அமெரிக்க ‘ஹை ஸ்கூல்’ ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ளதால், நம் வழக்கில் அது மேல்நிலைப்பள்ளி. ஆகவே நுவாம்ஸ் போன்ற பள்ளியின் வகைக்கு முழுப்பெயர் ‘இணைக்கல்லூரி உடன்படிக்கை மேல்நிலைப்பள்ளி’ என்றாகும். பெயர்ப்பலகைக்குச் சற்று நீளம்தான்.