பிரிக்கோலாஜ்: மேம்படுத்தலும் அன்று, ஒட்டுவேலையும் அன்று

தொழில்நுட்பப் புத்தாக்கம் பற்றிய மொழிபெயர்ப்புகளில் 'பிரிக்கோலாஜ்' (bricolage) என்ற பிரெஞ்சுச் சொல் வந்தால் 'வள மேம்படுத்தல்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அகராதி தரும் 'இம்ப்ரொவைஸ்' (கிடைத்ததைக் கொண்டு சமாளித்தல்) என்ற பொருளை 'இம்ப்ரூவ்' (மேம்படுத்தல்) என்று படித்ததன் விளைவு இது. முன்னதன் வேர் 'எதிர்பாராதது' என்னும் லத்தீன் சொல். பின்னதன் வேர் 'ஆதாயம்' என்னும் பழைய பிரெஞ்சுச் சொல். இரண்டுக்கும் உறவில்லை.

பிரிக்கோலாஜின் பிரெஞ்சு மூலவினை முதலில் பந்து எகிறித் திரும்புவதையும் குதிரை தடம் விலகுவதையும் குறித்தது. பிறகு வீட்டுச் சில்லறை வேலைகளை. 1962இல் பிரெஞ்சு மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் இதை மானிடவியலுக்குக் கொண்டுவந்தார். 2005இல் பேக்கர், நெல்சன் என்ற ஆய்வாளர்கள் தொழில்முனைவு ஆய்வில் வரையறுத்தார்கள்: கையில் இருக்கும் வளங்களைச் சேர்த்துப் புதிய சிக்கலுக்கோ வாய்ப்புக்கோ பயன்படுத்துவது.

'மேம்படுத்தல்' வெறும் பிழை, திருத்தினால் தீர்ந்தது. இன்னொரு மொழிபெயர்ப்பான 'ஒட்டுவேலை'தான் தொல்லை, பொருந்துவதுபோலவே தோன்றும். ஒட்டு கிழிந்த இடத்தில் போடுவது. போட்ட பிறகும் சட்டை சட்டைதான். 1970களில் டென்மார்க்கில் ரீசாகர் என்ற தச்சர் 22 கிலோவாட் காற்றாலை செய்தாரே, அதில் கிழிந்தது எது? மின்மோட்டாரை ஜெனரேட்டராக்கினார், பல்லிணைப்புக்கும் (கியர்) பிரேக்குக்கும் வாகன உதிரிகளை எடுத்துக்கொண்டார். நான்கு முனைத் தூண்டல் மோட்டாரை 50 ஹெர்ட்ஸ் மின்தொடரில் (ஊருக்கு மின்சாரம் தரும் கிரிட்) இணைத்து, நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்று மேலே காற்று சுழற்றினால் அது மின்சாரத்தைத் திருப்பித் தரும். மின்தொடர் அறுந்தால் தடுக்கும் விசை போய்விடும், இறக்கை கட்டுமீறிச் சுழலும். பிரேக் அதற்காகத்தான். பழுதுபார்த்த பாகம் ஒன்றுமில்லை, மேம்படுத்தியதும் ஒன்றுமில்லை, வேலைதான் மாறியது. இதைப் போய் ஒட்டுவேலை என்றால் அரைகுறை என்ற ஏளனமும் கூடவே ஒட்டிக்கொள்கிறது.

பிரிக்கோலாஜை நான் 'கையிருப்பாக்கம்' என்பேன். கையிருப்பைப் பெருக்குவது என்று படிப்பார்களே என்பது நியாயமான ஐயம். ஆனால் பொற்குடம் என்றால் பொன்னால் ஆகிய குடம். அதே தொகைதான் இதுவும், கையிருப்பால் ஆகிய ஆக்கம். 'கைவசப் புனைவு' என்றும் சொல்லலாம்தான். இன்று புனைவு என்றதும் சிறுகதை நினைவுக்கு வருகிறது.

மோட்டார் ஒன்றை மட்டும் ஜெனரேட்டராக்குவது 'மாற்றுப்பயன்பாடு'. உதிரிகளெல்லாம் சேர்ந்து காற்றாலையாவது கையிருப்பாக்கம். முன்னதையும் 'மறுபயன்பாடு' என்றே எழுதுகிறார்கள். காலிப் புட்டியில் மறுபடி தண்ணீர் பிடிப்பது மறுபயன்பாடு. அதில் செடி வைத்தால்தான் மாற்றுப்பயன்பாடு.