ஜப்பானிய மயோனைஸ் ஏன் அவ்வளவு கெட்டி?

ஜப்பானிய மயோனைஸில் பொதுவாக வெள்ளைக் கரு சேர்ப்பதில்லை. அமெரிக்காவில் மயோனைஸை அறிந்துகொண்ட நகாஷிமா தோஇச்சிரோ 1925இல் ஜப்பானில் கியூப்பி மயோனைஸை விற்கத் தொடங்கினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது மஞ்சள் கருவை மட்டும்தான். ருசி கூடியதோடு கெட்டித்தன்மையும் கூடியது.

மயோனைஸ் என்பது வினிகரும் முட்டையில் உள்ள நீரும் சேர்ந்த கொஞ்சம் திரவத்துக்குள் ஏராளமான எண்ணெய்த் துளிகள் மிதக்கும் பால்மம். 200 மில்லி எண்ணெயை 5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளிகளாக உடைத்தால் அவற்றின் மொத்தப் பரப்பு 240 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஒரு டென்னிஸ் ஆடுகளம் அளவு! அத்தனை பரப்பையும் இரண்டு மஞ்சள் கருக்களில் உள்ள புரதங்களும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளும் மெல்லிய படலமாகப் போர்த்திவிடுகின்றன. அதனால்தான் துளிகள் மறுபடி ஒன்று சேர்வதில்லை.

இனி கணக்கைப் பாருங்கள். இரண்டு மஞ்சள் கரு, ஒரு மேசைக்கரண்டி வினிகர், 200 மில்லி எண்ணெய் என்றால் கலவையில் சுமார் 80 சதவீதம் எண்ணெய். ஒரே அளவு உருண்டைகளை எப்படி அடுக்கினாலும் 74 சதவீத இடத்துக்கு மேல் நிரப்ப முடியாது. இங்கே சின்னத் துளிகள் பெரிய துளிகளின் இடுக்கில் புகுந்துகொள்கின்றன. மற்றவை ஒன்றையொன்று நெருக்கித் தட்டையாகின்றன. நகர இடமில்லாததால் இரண்டு திரவங்கள் சேர்ந்தும் கரண்டியில் நிற்கும் அளவுக்கு இறுகிவிடுகிறது. வெள்ளைக் கருவில் ஏறக்குறைய 90 சதவீதம் நீர். அதையும் சேர்த்தால் எண்ணெயின் பங்கு 65 சதவீதத்துக்கு இறங்கிவிடும், கலவை தளர்ந்துவிடும்.

ருசிக்கு இன்னொரு காரணம் குளூட்டமேட். கொம்பு என்ற கடற்பாசியின் சுவைக்கு அதுதான் மூலம் என்று 1908இல் இகெடா கிகுனாயே கண்டறிந்தார். நாம் அஜினோமோட்டோ என்று சொல்வது அதன் சோடியம் உப்பைத்தான். கால் தேக்கரண்டி போதும். இதை விட்டுவிட்டால் ஜப்பானிய ருசி வராது என்பது என் கருத்து.

சரி, செய்முறை. மஞ்சள் கருவில் அரை தேக்கரண்டி உப்பைக் கலந்து சில நிமிடம் விடுங்கள். உப்பு கருவிலுள்ள நுண்துகள்களைக் கரைத்து, உள்ளே அடைபட்ட புரதங்களை வெளியே விடும். அப்புறம் அரிசி வினிகர், அரை தேக்கரண்டி சர்க்கரை, கொஞ்சம் கடுகு விழுது, அஜினோமோட்டோ. மணமில்லாத எண்ணெயை முதலில் சொட்டுச் சொட்டாக விட்டு விடாமல் அடியுங்கள். கலவை கெட்டிப்பட்ட பிறகு மெல்லிய தாரையாக ஊற்றலாம். தொடக்கத்திலேயே அவசரப்பட்டால் எண்ணெய் உடைந்து துளியாக நேரம் இருக்காது, திரிந்துவிடும்.

பச்சை முட்டை என்பதால் பாஸ்டரைஸ் செய்த முட்டையே நல்லது. வினிகர் கிருமிகளை உடனே கொன்றுவிடும் என்று நம்ப வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களில் தீர்த்துவிடுங்கள். உறைய வைக்கக் கூடாது. பனிப்படிகங்கள் படலத்தைக் கிழித்து எண்ணெயைப் பிரித்துவிடும்.

அடிக்கும்போதே திரிந்துவிட்டால் கொட்ட வேண்டாம். வேறொரு கிண்ணத்தில் புதிதாக ஒரு மஞ்சள் கருவை எடுத்து, திரிந்த கலவையைச் சிறிது சிறிதாக அதில் விட்டு அடித்தால் மறுபடி கூடிவரும்.