நடேசன் பார்க்கில் வெயில் எங்கே போகிறது?

மே மாத மதியம். கையில் நாலு துணிப்பையோடு சென்னை தி. நகர் உஸ்மான் ரோட்டிலிருந்து நடந்து வந்து, வெங்கட்நாராயணா ரோட்டில் இருக்கும் நடேசன் பார்க் மரத்தடியில் நின்றால், தானாகவே ஒரு 'அப்பாடா' வரும். அந்த 'அப்பாடா'வை அளந்து பார்க்கப் போனால் ஏமாற்றம்தான். பல நகரங்களில் செய்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால், பகலில் பூங்காவுக்குள் இருக்கும் காற்று வெளியே இருப்பதைவிடச் சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் அளவுதான் குளிர்ந்திருக்கிறது. இந்த 1 டிகிரிக்கா அத்தனை சுகம்?

காற்றின் சூடு மட்டும் நம்மை வாட்டுவதில்லை. வெயிலின் கதிர் நேராக உடம்பில் விழுகிறது. நண்பகலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் வரும். ஏறக்குறைய ஓர் இஸ்திரிப் பெட்டி இழுக்கும் மின்சாரம். போதாததற்கு, 50, 60 டிகிரிக்குக் காய்ந்து கிடக்கும் தார் ரோடும் சுவரும் நம் பக்கமாகக் கண்ணுக்குத் தெரியாத அனலை வீசுகின்றன. மரத்தடியில் இரண்டும் ஒரே நேரத்தில் அடங்கிவிடுகின்றன. வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டர் சீட்டையும் நிழலில் நிறுத்தியதையும் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சரி, தகரக் கூரையும்தான் நிழல் தருகிறது. அதன் கீழே ஏன் வேகிறது? தகரம் வெயிலை வாங்கித் தானும் காய்ந்து, கீழே நம்மீது அனல் வீசும். இலை அப்படிக் காய்வதில்லை. வாங்கும் வெயிலில் மிகச் சிறிய பங்கைத்தான் சமையலுக்கு, அதாவது ஒளிச்சேர்க்கைக்கு, எடுத்துக்கொள்கிறது. மீதியில் பெரும்பகுதியைத் தண்ணீரை ஆவியாக்கியே தீர்க்கிறது. வேர் உறிஞ்சும் தண்ணீரில் 100-க்கு 95 பங்குக்கு மேல் இப்படி இலைத்துளைகள் வழியே வெளியே போய்விடும். நம்பிக்கை இல்லாவிட்டால், இலை நிறைந்த ஒரு சிறு கிளையில் காலையில் பாலித்தீன் பையைக் கவிழ்த்து இறுக்கிக் கட்டிவிட்டு மதியம் வந்து பாருங்கள். பையின் உட்புறம் முத்து முத்தாக வேர்த்திருக்கும். மூலையில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியும் நிற்கும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். இ.பி. கணக்கில் சொன்னால் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. வேருக்குத் தண்ணீர் தட்டாத ஒரு பெரிய மரம் வெயில் நாளில் 100 லிட்டர் வரை ஆவியாக்கக்கூடும். அப்படியானால் அது விழுங்கும் வெப்பம் 67 யூனிட். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் முழு மூச்சில் ஓடினால்தான் இவ்வளவு வெப்பத்தை அறையிலிருந்து இறைக்க முடியும். அதையும் அது எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது? தன் மின்சாரச் சூட்டையும் சேர்த்துத் தெருவில்தான். ஆனால் ஒன்று: ஏ.சி. இருப்பது மூடிய அறையில், மரம் நிற்பது திறந்த வெளியில். குளிர்ந்த காற்று நிற்காமல் கலைந்து போகிறது. சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் ஆவியாவதும் மெதுவாகத்தான். அதனால் நம்மூர்ப் பூங்காவில் பெரிய வேலையைச் செய்வது நிழல். ஆவி அந்த நிழலைச் சூடாகாமல் பார்த்துக்கொள்கிறது.

எல்லாம் வேருக்குத் தண்ணீர் கிடைக்கும் வரைக்கும்தான். தி. நகரில் தண்ணீர் என்றாலே பழைய கதை ஒன்று வந்துவிடும். மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை சென்னையின் மேற்கு எல்லையாக ஒரு நீண்ட ஏரி கிடந்தது. 'லாங் டேங்க்' என்று வெள்ளைக்காரர்கள் வரைபடத்தில் எழுதிவைத்தார்கள். 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 வாக்கில் மாம்பலம் பக்கத்து ஏரியை வடித்துப் புதுப் பேட்டை போட ஆரம்பித்தார்கள். ஏரி போனாலும் பெயர் போகவில்லை. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியாவும் டேங்க் பண்ட் ரோடும், மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடும் இன்றைக்கும் இருக்கின்றன. லேக்கை மட்டும் காணோம்.

அந்தப் புதுப் பேட்டைதான் தி. நகர். அதற்கு நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் பெயர். நடுவில் இருக்கும் பெரிய பூங்காவுக்கு, 1921 முதல் 1926 வரை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்த பனகல் அரசர் பெயர். கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் நடேச முதலியாருக்குச் சின்னப் பூங்கா, இன்னொருவரான டி. எம். நாயருக்கு ஒரு சாலை. தி. நகரில் விலாசம் கேட்டால் பாதிக் கட்சி வரலாறு தெரிந்துவிடும்.

நகரமைப்புப் பேச்சு சென்னைக்கு வந்த கதையில் ஜெர்மன் போர்க்கப்பலான எம்டனுக்கும் பங்கு உண்டு. ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடிஸ் இங்கே ஒரு நகரக் கண்காட்சி நடத்த வந்தார். அவருடைய வரைபடங்களும் படங்களும் ஏறி வந்த 'கிளான் கிராண்ட்' கப்பலை 1914 அக்டோபரில் மூழ்கடித்தது, முந்தைய மாதம் சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன். அவசர அவசரமாக வேறு படங்களைத் திரட்டி, 1915 ஜனவரியில் கண்காட்சியை நடத்தி முடித்தார்கள். சும்மாவா சொன்னார்கள், எம்டன் என்று!

பூங்காவுக்கு வருவோம். நிழலுக்குச் சென்னையில் கண்ணை மூடிக்கொண்டு நட்டது தூங்குமூஞ்சி மரம். தென் அமெரிக்கச் சரக்கு. மாலையானால் இலையை மடித்துத் தூங்கிவிடும். இலைக் காம்பின் அடியில் சின்னதாக ஒரு வீக்கம் இருக்கும். அதன் ஒரு பக்கத்துச் செல்களுக்குள் பொட்டாசியம் அயனிகள் போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும், அந்தப் பக்கம் உப்பும், எதிர்ப்பக்கம் சூம்பும், இலை மடியும். தொட்டாற்சுருங்கி செய்வதும் இதே வித்தைதான், அது கொஞ்சம் அவசரக்காரி. இதனால் நமக்கு என்ன லாபம்? பகலில் விரிந்த குடை இரவில் மடங்கிவிடுவதால், மண்ணில் தேங்கிய சூடு வானத்தைப் பார்த்துக் கிளம்பிப் போக வழி கிடைக்கிறது. ஆனால் புயலுக்கு நல்ல மரமில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வீசியபோது சென்னைக்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

ஒரு ஏக்கர் மண்ணில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் 40,000 லிட்டர், பெரிய தண்ணி லாரிக் கணக்கில் மூன்றுக்கு மேல். அதில் எவ்வளவு உள்ளே இறங்கும் என்பது மண் திறந்து கிடக்கிறதா என்பதைப் பொறுத்தது. எங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் போன வருஷம் நடைபாதையை அகலப்படுத்துகிறோம் என்று மரத்தின் கழுத்து வரை சிமெண்ட் கல் பதித்துவிட்டார்கள். மழை இப்போது கேட்டைத் தாண்டி நேராகச் சாக்கடைக்குப் போகிறது.

போதாததற்கு, முன்பெல்லாம் காலை பத்து மணிக்குப் பூட்டுப் போட்டுவிட்டு நாலு மணிக்குத்தான் திறந்தார்கள். நிழலுக்கு வேலை இருக்கும் ஆறு மணி நேரமும் உள்ளே பெஞ்சுகள் மட்டும் சுகமாக இருந்தன. மதில் சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் ஒரு தூங்குமூஞ்சிக் கிளை நீண்டிருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு அதன் கீழே மூன்று ஆட்டோக்களும் ஓர் இளநீர் வண்டியும் நிற்கின்றன. ஒரு மணிக்கு நிழல் நகர, அவையும் ஒரு முழம் நகர்கின்றன.