மாட்டுக்குப் போடும் வலி ஊசியும் பாறுகளின் சிறுநீரகமும்

மனிதருக்கான டைக்ளோஃபெனாக் என்னும் வலிநிவாரணி ஊசிமருந்தை ஒரு வேளைக்கான சிறு குப்பியில் மட்டுமே விற்க வேண்டும் என்று 2015 முதல் சட்டம் இருக்கிறது. வழக்கமாகக் கிடைப்பது 3 மில்லி, 75 மில்லிகிராம் குப்பி. மனிதருக்கு அது போதும். 400 கிலோ மாட்டுக்கு, கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் கணக்கிட்டால் 16 மில்லி ஆகும். ஐந்தாறு குப்பிகளை உடைத்து ஊற்ற வேண்டும். பழைய 30 மில்லி பாட்டில் என்றால் ஒரே உறிஞ்சலில் வேலை முடிந்துவிடும். அந்த வசதியை இல்லாமல் செய்யத்தான் இந்த விதி வந்தது. இதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் தடையை உறுதிசெய்தது.

ஒரு வலிநிவாரணிக்கு இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், காரணம் பிணந்தின்னிக் கழுகுகள் எனப்படும் பாறுகள். ஊசி போட்ட மாடு செத்தால், அதன் இறைச்சி வழியே மருந்து அவற்றுக்கும் போகிறது.

1990-களில் ராஜஸ்தானின் பரத்பூரில் பாறுகள் செத்து விழுவதைப் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் முதலில் கவனித்துப் பதிவுசெய்தார். தொற்றுநோயாக இருக்கும் என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியில் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு, இறந்த 259 வெண்முதுகுப் பாறுகளை அறுத்துப் பார்த்தது. 219 பறவைகளின் உள்ளுறுப்புகளில் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. வைரஸ், பூச்சிக்கொல்லி, கன உலோகம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தும் எதுவும் பொருந்தவில்லை. பிறகு ஆராய்ச்சியாளர்கள் கேள்வியையே மாற்றிக்கொண்டார்கள். கால்நடைக்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் வாய்வழியே போனாலும் ரத்தத்தில் சேரக்கூடியது, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது எது? மருந்துக் கடைகளிலும் கால்நடை மருத்துவர்களிடமும் விசாரித்தபோது டைக்ளோஃபெனாக் அகப்பட்டது. யூரிக் அமிலம் படிந்த 25 பறவைகளைச் சோதித்தார்கள். அனைத்தின் சிறுநீரகத்திலும் அந்த மருந்து இருந்தது. வேறு காரணத்தால் இறந்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. 2004-இல் வெளியான இந்த முடிவைப்போல் தெளிவான ஆதாரம் சுற்றுச்சூழல் ஆய்வில் அபூர்வம்.

பறவைகள் கழிவு நைட்ரஜனை யூரியாவாக அல்ல, யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. சிறுநீரகம் நின்றால் அது ரத்தத்தில் பெருகி, இதயம், கல்லீரல் மேலெல்லாம் படிகமாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் பறவை இறந்துவிடும். வெண்முதுகுப் பாறுக்குச் சாவு தரும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம்தான். மாட்டுக்குப் போடும் அளவில் இது பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரைதான்.

‘செத்த மாட்டில் எத்தனைக்கு இந்த ஊசி போட்டிருக்கப் போகிறார்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கணித மாதிரியின் விடை இது: 130 முதல் 760 சடலங்களுக்கு ஒன்றில் சாவளவு மருந்து இருந்தாலே போதும், பாறுகளின் எண்ணிக்கையில் கண்ட அந்த வீழ்ச்சி நடந்துவிடும். ஒரே சடலத்தில் பல பறவைகள் கூடித் தின்பதும், பாறு ஆண்டுக்கு ஒரே முட்டை இடுவதும் அதற்குக் காரணம். 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு அழிந்தது. தமிழ்நாட்டில் இன்று பாறுகள் கூடு கட்டும் முக்கியமான இடம் முதுமலை–சத்தியமங்கலம் பகுதியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே ஆற்றோர நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன.

பாறு இல்லாத இடத்தில் சடலம் அழுகிக் கிடக்கும், தெருநாய் பெருகும், அதனுடன் வெறிநாய்க்கடியும். 2000–2005 காலத்தில் இதனால் கூடுதலாக ஏறத்தாழ 5 லட்சம் மனிதர்கள் இறந்திருக்கலாம் என்று 2024-இல் வந்த ஒரு பொருளாதார ஆய்வு கணக்கிட்டது. மதிப்பீடுதான், எண்ணைக் குறைத்துக்கொண்டாலும் பாரம் குறையவில்லை.

2006-இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கை நிறுத்தின. அதன் பிறகு நடந்ததுதான் இன்றும் தலைவலி. மனிதருக்கான மருந்து மாட்டுத் தொழுவத்துக்கு வந்தது. மாற்றாக வந்தவற்றிலும் ஆபத்து இருந்தது. அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது, பெயர்தான் வேறு. கீட்டோப்ரோஃபெனும் பாறுகளைக் கொல்கிறது. இவ்விரண்டும் கால்நடைக்கு 2023-இல் தடை செய்யப்பட்டன. பிறகு நிமிசுலைடும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. எனவே பாட்டிலின் வணிகப் பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் உள்ள சேர்மானத்தைப் படியுங்கள். கூட்டு மருந்துகளில் பாராசிட்டமாலுக்குப் பக்கத்தில் இவற்றில் ஒன்று ஒளிந்திருக்கக்கூடும்.

பாதுகாப்பானது என்று பறவைகளிடமே சோதித்து நிறுவப்பட்டது மெலாக்சிகாம் (2006). டோல்ஃபெனாமிக் அமிலமும் பின்னர் அந்தத் தேர்வில் தேறியது. மடிவீக்கம், நொண்டி, காய்ச்சல், கன்று ஈன்ற பின் வரும் வலி ஆகியவற்றுக்கு வலிநிவாரணியாக மெலாக்சிகாம் போதும். ‘அது வேலை செய்வதில்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் அளவுக் குறைவு. மாட்டுக்கு அளவு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். 400 கிலோ மாட்டுக்கு 200 மில்லிகிராம். மருந்து மில்லிக்கு 5 மில்லிகிராம் செறிவு என்றால் 40 மில்லி. 20 மில்லிகிராம் செறிவு என்றால் 10 மில்லி. செறிவைப் பார்க்காமல் இரண்டிலும் 10 மில்லி போட்டால், 5 மில்லிகிராம் செறிவு மருந்து போட்ட மாட்டுக்குக் கால் பங்குதான் போய்ச் சேர்ந்திருக்கும். அதிக அளவு தேவைப்பட்டால் ஒரே இடத்தில் இறக்காமல் பிரித்துப் போட வேண்டும். எடையைக் கண்ணால் ஊகிக்காமல் மார்புச் சுற்றளவு நாடாவால் அளந்தால் இந்தக் குழப்பம் பாதி தீரும். நீரிழந்து கிடக்கும் மாட்டுக்கு முதலில் திரவம் ஏற்றுங்கள். ஒரு வலிநிவாரணி போட்டிருக்கும்போது மற்றொன்றையோ டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தையோ மேலே சேர்க்காதீர்கள். குடற்புண், சிறுநீரகச் சிக்கல் வரும். ஊசிக்குப் பின் பாலைப் பயன்படுத்தக் கூடாத காலம் லேபிளில் இருக்கும். அதைப் பட்டிக்காரரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சிகிச்சை பலிக்காமல் மாடு இறந்தால்? கடைசி சில நாட்களில் என்ன ஊசி போடப்பட்டது என்பது தெரியாத சடலத்தை வெளியே போடக் கூடாது. ஆறடிக்குக் குறையாத குழியில், சுண்ணாம்பு தூவி, நாய் தோண்டாதபடி புதையுங்கள். இதற்காகவே சிகிச்சைச் சீட்டில் மருந்தின் பெயர், அளவு, தேதி மூன்றும் இருக்க வேண்டும். ‘வலி ஊசி’ என்று மட்டும் எழுதிய சீட்டால் யாருக்கும் பயனில்லை. திடீரென இறந்த மாட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருத்த ரத்தம் தெரிந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அறுக்காமல், தோலுரிக்காமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். மருந்தே படாத மாடு வனத்தை ஒட்டிய ஊரில் இறந்தால், பாறுகளுக்கு விடலாமா என்பதை வனத்துறையிடம் கேட்டு முடிவெடுங்கள். புலி, சிறுத்தை மீதான கோபத்தில் சடலத்தில் விஷம் தடவுவது பாறுகளையும் சேர்த்தே கொல்லும். அது குற்றமும் கூட.

இறந்த பாறு கண்ணில் பட்டால் கையால் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குத் தெரிவியுங்கள். வெயிலில் நேரம் ஆக ஆகத் திசு கெட்டுப்போய்ச் சோதனை பயனற்றதாகிவிடும். பிரேதப் பரிசோதனை செய்பவர் இதய உறை, கல்லீரல், சிறுநீரகத்தில் வெண்படிவு இருக்கிறதா என்று பார்த்து, சிறுநீரகமும் கல்லீரலும் தனித்தனிப் பையில் உறைய வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். படிவு இல்லாமல், இரைப்பை நிறைய இறைச்சியோடு பல பறவைகள் ஒரே இடத்தில் கிடந்தால், இரைப்பையில் உள்ளதையும் சேர்த்து அனுப்புங்கள். அங்கே தேட வேண்டியது பூச்சிக்கொல்லியை.