பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: வாழ்த்து அட்டை செய்யும் கைகள்

கடலூரில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். கார்த்திகை பிறந்தால் ஒரு வகைக் கைகள் வர ஆரம்பிக்கும். விரல் நுனி காய்ந்து வெடித்திருக்கும், நகத்தைச் சுற்றித் தோல் உரிந்திருக்கும், நகக்கண்ணில் ஊதாவோ பச்சையோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். "என்னம்மா வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டால் "வேலைக்கெல்லாம் போகல டாக்டர், வீட்டுலதான் இருக்கேன்" என்பார்கள். நகக்கண்ணைக் காட்டிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வரும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று வரிசையாக ஆர்டர். பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து வாழ்த்து அட்டை செய்கிறார்கள். ஸ்டாம்ப், இங்க் பேட், காகிதத்தைப் பூ, எழுத்து என்று உருவமாக வெட்டும் அச்சுத் தகடான டை, அந்த டையை அழுத்தி வெட்டும் உருளை மெஷின் என்று மேசை நிறையச் சாமான்.

அதன் பிறகு எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இந்த இங்க்தான் டாக்டர் ஒத்துக்கல." சிலர் அதற்கு முன்பே கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்திவிட்டு வந்திருப்பார்கள். கருவாட்டுக்கும் இந்த வெடிப்புக்கும் சம்பந்தமே இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம். இங்க்கும் பெரும்பாலும் நிரபராதிதான். நான் பார்த்தவரை குற்றவாளி இங்க்கை விட, இங்க்கைத் துடைக்கும் பொருளாகவே இருக்கிறது.

வேலை எப்படி நடக்கிறது என்று ஒருவரிடம் செய்து காட்டச் சொல்லுங்கள், புரியும். அக்ரிலிக் கட்டையில் ஒட்டிய ஸ்டாம்பை இங்க் பேடில் தட்டி, அட்டையில் அழுத்தி எடுக்கிறார். அடுத்த நிறத்துக்கு முன் ஸ்டாம்பைச் சுத்தம் செய்ய வேண்டும். பக்கத்தில் குழந்தைகளுக்கு வாங்கிய ஈரத்துடைப்பான் பாக்கெட் திறந்தே இருக்கும். வெட் வைப்ஸ் என்று கடையில் கேட்பீர்களே, அதுதான். ஒன்றை உருவி ஸ்டாம்பைத் துடைக்கிறார், அதே துண்டில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் துடைக்கிறார், அடுத்த நிறம். ஐம்பது பொங்கல் அட்டை, பானைக்கு ஒன்று, கரும்புக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என மூன்று நிறம் என்றால் நூற்றைம்பது தடவை அந்தத் திரவம் விரலில் படும். யாரும் அதைத் தண்ணீரில் அலசுவதில்லை, விரலிலேயே காய்ந்துவிடும்.

அந்த ஈரம் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அதில் பதப்படுத்தும் ரசாயனம் சேர்ப்பார்கள். அவற்றில் மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற ஒன்று தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனது. அமெரிக்கத் தொடர்பு ஒவ்வாமை மருத்துவச் சங்கம் 2013-க்கான 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அதைத்தான் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம், பூசிக் கழுவாமல் விடும் அழகுப் பொருட்களில் அதைச் சேர்க்கவே கூடாது என்று தடை போட்டுவிட்டது. பல நிறுவனங்கள் இப்போது துடைப்பான்களிலிருந்து அதை எடுத்துவிட்டன. எல்லாரும் எடுத்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் 'ஐசோதையசோலினோன்' என்று முடியும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சில வெள்ளைப் பசைகளிலும் பாத்திரம் கழுவும் லிக்விடிலும்கூட இதே குடும்பம் உண்டு. அட்டை வேலையை நிறுத்தியும் கை ஆறவில்லை என்பவர்களிடம் சமையலறைத் தொட்டிப் பக்கம் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது இதனால்தான்.

"ரெண்டு வருஷமா இதே பாக்கெட்தான் டாக்டர், ஒண்ணும் ஆகலையே?" ஒவ்வாமை அப்படித்தான் வரும். மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில் தொட்டுத் தொட்டு உடம்பு ஒரு பொருளை எதிரியாகக் குறித்துக்கொள்கிறது. குறித்த பிறகு கொஞ்சம் பட்டாலும் போதும், ஓரிரு நாள் கழித்து அரிப்பும் சிறு நீர்க்கொப்புளமும் கிளம்பும். திங்கட்கிழமை தொட்டது புதன்கிழமை அரிக்கும்போது, செவ்வாய்க்கிழமை சாப்பிட்டதன் மேல் பழி விழுகிறது. கருவாடு மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

எல்லாக் கையும் ஒவ்வாமை இல்லை. வெறும் எரிச்சலால் வரும் கரப்பான்தான் அதிகம். ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலோ, 20 தடவைக்கு மேல் கழுவினாலோ தோலின் காப்பு தேய ஆரம்பிக்கும் என்பது தொழில்சார் தோல் மருத்துவத்தில் வைத்திருக்கும் கணக்கு. வீட்டு வேலை செய்யும் எந்தக் கையும் அந்தக் கணக்கைப் பகலிலேயே தாண்டிவிடும். ராத்திரி அட்டை வேலையில் ஸ்டாம்பைத் துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். போதாததற்குக் காகிதம். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகித ஆலை 1959-இலிருந்து பருத்தித் துணிக் கழிவில் காகிதம் செய்துவருகிறது. இந்தப் பக்கத்து அட்டைக்காரர்கள் பஸ் ஏறிப் போய் அந்த மாதிரிக் காகிதத்தைத்தான் தேடி வாங்குகிறார்கள். எனக்கும் பிடித்த காகிதம். ஆனால் அதன் சொரசொரப்பு விரல் நுனியின் எண்ணெய்ப்பசையை உறிஞ்சிவிடும். மடிப்பை நகத்தாலும் விரலாலும் நீவாமல் ஸ்கேல் விளிம்பால் நீவினால் கைக்கு நல்லது, மடிப்பும் சுத்தமாக விழும்.

சரி, ஸ்டாம்பை எதில்தான் துடைப்பது? பழைய வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து ஒரு தட்டில் விரித்து வையுங்கள். ஸ்டாம்பை அதில் இரண்டு முறை அழுத்தி, இன்னொரு காய்ந்த துண்டில் ஒற்றினால் போதும். சாதாரண இங்க் பேடுகள் பெரும்பாலும் தண்ணீரில் போகும் சாயம்தான். ஸ்டாம்பில் கறை நிற்கிறதே என்று சிலர் ஆல்கஹாலை ஊற்றித் தேய்க்கிறார்கள். கறை படிந்த ஸ்டாம்பும் அதே தெளிவோடு அச்சு விழும். தெளிவான பாலிமர் ஸ்டாம்புகளில் சிலவற்றைக் கடுமையான திரவம்தான் கெடுக்கும். பிளாஸ்டிக், உலோகம் மேல் அச்சடிக்கும் கரைப்பான் இங்க்குக்கு மட்டும் அதற்கான கிளீனர் வேண்டும். அப்போது நைட்ரைல் கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம். விரலில் ஒட்டிய நிறத்துக்கு நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டாம், பிளீச்சும் வேண்டாம். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்து, மென்மையான சோப்பில் கழுவுங்கள். மிச்சம் தோலோடு நாலு நாளில் தானே உதிரும்.

கையுறை போட்டால் எல்லாவற்றிலிருந்தும் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அட்டையின் மேல் கண்ணாடிக் குமிழ் மாதிரி மினுக்க வைக்க, யூவி ரெசின் ஊற்றிச் சின்ன விளக்கில் காட்டி இறுகவைக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. இறுகிய பிறகு தொந்தரவு இல்லை. இறுகாத ரெசினில் இருப்பது அக்ரிலேட். அது மெல்லிய கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். விரலில் ஒன்றுமே இல்லாமல், கையால் கண்ணைத் தொட்டதில் இமை மட்டும் வீங்கி வருபவர்களும் உண்டு. அக்ரிலேட் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பொதுவாக ஆயுசுக்கும் நிற்கும். பல் அடைக்கும்போது ஒட்டப் பயன்படும் பிசின்களும் இதே குடும்பம் என்பதால், பிறகு பல் டாக்டரிடமும் சொல்லிவைக்க வேண்டியிருக்கும். ஒரு அட்டையின் மினுக்குக்கு இவ்வளவு விலையா என்று கேட்டால், என் பதில் வேண்டாம் என்பதுதான். அதே மினுக்கை எம்பாசிங் பவுடரில் கொண்டுவரலாம். பிசுபிசுப்பான நிறமில்லாத இங்க்கில் ஸ்டாம்ப் அடித்து, பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஹீட் கன்னால் காட்டினால் எழுத்து உருகி எழும்பி நிற்கும்.

அதில் இன்னொரு ஆபத்து, சூடு. அட்டையை விரலால் பிடித்துக்கொண்டு ஹீட் கன் காட்டக் கூடாது. துணி காயப்போடும் கிளிப்பே போதும். பொடி பறக்கும் என்று ஃபேனை அணைப்பதோடு ஜன்னலையும் சாத்திவிடுகிறார்கள், ஜன்னலாவது திறந்திருக்கட்டும். ஆல்கஹால் பாட்டிலை அந்த மேசையிலேயே வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். நம் ஊரில் சூட்டுப் புண்ணுக்குப் பேனா மை தடவுவார்கள், டூத்பேஸ்ட் தடவுவார்கள், இட்லி மாவையும் விட்டுவைப்பதில்லை. இங்க் மேசையிலேயே இருக்கும் வீடுகளில் கேட்கவே வேண்டாம். புண் எவ்வளவு ஆழம் என்று பார்க்க முடியாதபடி நீல நிறத்தில் வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மெல்லிய எஃகுத் தகடு, விளிம்பு கூர்மை. சிக்கிய காகிதத் துணுக்கைக் குச்சியால் எடுங்கள். வியர்வைக் கையோடு தொட்டு அப்படியே வைத்தால் இந்தக் கடல் காற்றில் துரு பிடிக்கும், அது கைக்கு வந்த கேடு இல்லை.

கிரீம் விஷயத்துக்கு வருகிறேன். "கிரீம் போட்டா அட்டையில எண்ணெய்க் கறை படுது டாக்டர்" என்பார்கள். நியாயம்தான். வேலை நேரத்தில் வேண்டாம். வேலை முடித்துக் கை கழுவி, ஈரம் முழுதும் போவதற்குள் வாசலின் தடவி, பருத்திக் கையுறையோடு தூங்குங்கள். தினமும் செய்தால் எரிச்சல் வகை வெடிப்பு பெரும்பாலும் இதிலேயே குறைய ஆரம்பிக்கும். மருந்துக் கடையில் 'படைக்கு நல்லது' என்று கொடுக்கும் மூன்று மருந்து கலந்த ட்யூபை மட்டும் வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் கடுமையான ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அடங்கும், விட்டதும் திரும்ப வரும், மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும். காரணம் மேசையிலேயே இருக்கும்போது ட்யூப் என்ன செய்யும்?

இவ்வளவு செய்தும் ஆறவில்லை என்றால் பேட்ச் டெஸ்ட் பார்க்க வேண்டும். ரத்தத்தில் நூறு பொருளுக்கு அலர்ஜி பார்க்கும் பேக்கேஜில் காசை விடாதீர்கள், தொட்டு வரும் ஒவ்வாமை அதில் தெரியாது. பேட்ச் டெஸ்டில் சந்தேகப் பொருட்களைச் சிறு குமிழ்களில் வைத்து முதுகில் ஒட்டுவோம். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்போம், மூன்றாம் நான்காம் நாளில் மறுபடியும் பார்ப்போம். அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கரைப்பான் இங்க்கையோ ரெசினையோ வீட்டிலேயே கையில் ஒட்டிச் சோதிக்கப் பார்க்காதீர்கள், ஒவ்வாமை இல்லாத தோலையும் அது புண்ணாக்கும்.

சித்திரை, வைகாசியில் ஒட்டினால் கடலூர் வியர்வையில் பட்டை கழன்றுவிடும். மார்கழியில் உங்களுக்கு நேரம் இருக்காது. அதனால் பொங்கல் அட்டையெல்லாம் அனுப்பிவிட்டு தை மாதத்தில் வாருங்கள். வரும்போது இங்க் பேட், பசை, கிளீனர், ஈரத்துடைப்பான் பாக்கெட், பாத்திரம் கழுவும் லிக்விட், தடவிக்கொண்டிருந்த ட்யூப் எல்லாவற்றையும் லேபிள் கிழிக்காமல் ஒரு பையில் போட்டு எடுத்துவாருங்கள்.