ஒரு பிடி கூடப் போட்டால் என்ன, டாக்டர்?

மீட்கப்பட்ட பண்ணை விலங்குகளைப் பராமரிக்கும் காப்பகம் ஒன்றில் கால்நடை மருத்துவராக வேலை பார்க்கிறேன். இங்கே வருகிறவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்விதான் மேலே இருப்பது. கறிக்கோழிகள் காலித் தொட்டியைக் கொத்திக் கொத்திப் பார்ப்பதைக் கண்டதும் மனசு கேட்காது. "பாவம், இன்னும் பசிக்குது போல" என்பார்கள். நாங்கள் அளந்து போடுவதைப் பார்த்துக் கோபப்பட்டுத் திரும்பியவர்களும் உண்டு.

அந்தக் கோபத்தில் இருப்பது அன்புதான் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே இதை எழுதுகிறேன். இத்தனை வருட அனுபவத்தில், காப்பகத்துக்கு வந்து சேர்ந்த பிறகு விலங்குகள் சாகக் கிடந்ததற்குக் காரணம் பல தடவை யாரோ ஆசையாகக் கொடுத்த தீனிதான்.

முதலில் அந்தக் கோழியையே எடுத்துக்கொள்வோம். 6 வாரத்தில் 2 கிலோவைத் தாண்ட வேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து உருவாக்கிய இனம் அது. 'போதும்' என்று வயிறு சொல்வது அதற்குச் சரியாக எட்டுவதில்லை. சதை ஏறுகிற வேகத்துக்கு எலும்பும் இதயமும் ஈடுகொடுக்காது. இஷ்டத்துக்குத் தின்னவிட்டால் சில மாதங்களில் கால் வளைந்து எழ முடியாமல் போகும், நெஞ்சு தரையில் உரசிப் புண்ணாகும், வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் இறந்து கிடக்கும். கறிக்கோழிக் குஞ்சுகளை உற்பத்தி செய்யும் பண்ணைகளேகூடத் தாய்க்கோழிகளுக்கு அளந்துதான் தீவனம் போடுகின்றன. இந்தக் கோழி வருடக்கணக்கில் வாழும் என்று யாருமே கணக்குப் போட்டதில்லை. அந்தக் கணக்கைத்தான் நாங்கள் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது.

ஆகவே வாரம் ஒரு முறை ஒவ்வொரு கோழியையும் தராசில் வைக்கிறோம். தீவனத்தைத் தொட்டியில் குவிக்காமல் தரையில் பரவலாகத் தூவுகிறோம், தேடித் தேடி நடக்கட்டும் என்று. உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கிறோம். நடுவில் கறுப்பாக ஒரு பொருக்கு தெரிந்தால் உள்ளே சீழ் கட்ட ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். கொண்டை சிவப்பிலிருந்து ஊதாவுக்கு மாறினால் இதயம் தடுமாறுகிறது. இவ்வளவும் பார்த்து முடிக்க ஒரு கோழிக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும்.

முட்டைக்கோழியின் கதை வேறு. அதன் மூதாதையான செங்காட்டுக்கோழி வருடத்துக்கு 10 முதல் 15 முட்டை இடும். பண்ணைக்கோழி 300-ஐ நெருங்குகிறது. ஒவ்வொரு ஓட்டுக்கும் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச்சத்து உடம்பிலிருந்து போகிறது; தீவனத்தில் கிடைப்பது போதாவிட்டால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். எங்களிடம் வருகிற முட்டைக்கோழிகளில் நெஞ்செலும்பு உடைந்து கோணலாக ஒட்டியவை ஏராளம். இவற்றுக்கு மட்டும் சுண்ணாம்புச்சத்து எப்போதும் கிடைக்கும்படி தனித் தட்டில் வைத்திருப்போம். இட்ட முட்டையை வேகவைத்து, ஓட்டோடு நொறுக்கி, அவற்றுக்கே திருப்பிக் கொடுக்கிறோம். முகம் சுளிக்காதீர்கள், அது அவற்றின் உடம்பிலிருந்து போனதுதான்.

சரி, ஆடு மாடுகளுக்கு வருகிறேன். காலை முதல் சுற்று வெளிச்சம் வரும்போதே தொடங்கும், தீவனம் போடுவதற்கு முன்னால். வாளிச் சத்தம் கேட்டதும் ஓடி வருவது யார், எழுந்து நின்று யோசிப்பது யார், வராமலே இருப்பது யார் என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். ஆடும் மாடும் வலியை மறைக்கும். கூட்டத்தில் பலவீனமானதைத்தான் வேட்டை மிருகம் குறிவைக்கும் என்பது அவற்றின் ரத்தத்தில் ஊறியது. காது தொங்குவது, பல்லை நறநறவென்று கடிப்பது, முதுகைக் கொஞ்சம் வளைத்து நிற்பது, இவ்வளவுதான் அவை காட்டிக்கொடுக்கும் அடையாளம். ஆட்டின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்போம். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் குடற்புழு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. மாட்டின் இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் கையை மடக்கி அழுத்தி வைத்தால், உள்ளே பெருவயிறு புரள்வது நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை கையைத் தள்ளும். அந்தத் தள்ளல் வந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

ஒரு மழைக்காலச் சாயங்காலம், கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா போன் செய்தார். "டாக்டர், கருப்பி அசைபோடல. நிக்கிறா, ஆனா நிக்கிறது சரியில்ல." மதியம் வந்திருந்த ஒருவர் ஒரு பை நிறைய ரொட்டி கொண்டுவந்து வேலிக்கு மேலே கையை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கருப்பி கூட்டத்திலேயே முரட்டு ஆடு. மற்றதையெல்லாம் முட்டித் தள்ளிவிட்டுப் பெரும்பகுதியை அதுவே தின்றிருக்கிறது.

ஆட்டின் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. புல்லையும் இலையையும் மெதுவாக நொதிக்கவைத்து ஆட்டுக்குச் சத்தாக மாற்றுவது அவைதான். அங்கே தானியமோ மாவோ ரொட்டியோ ஒரேயடியாக வந்து இறங்கினால் வேறு வகை நுண்ணுயிர் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். 6-க்கு மேல் இருக்க வேண்டிய பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்) 5-க்குக் கீழே போகும். புல்லைச் செரிக்கும் உயிர்களெல்லாம் செத்துவிடும். ரத்தத்தில் இருக்கும் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படும். வயிறு தண்ணீர்ப் பை மாதிரி குலுங்கும், ஆனால் கண்கள் குழிவிழுந்து தோல் உலர்ந்து கிடக்கும்.

நான் போனபோது கருப்பி அந்த நிலையில்தான் இருந்தாள். ஸ்டெதாஸ்கோப்பை இடது விலாவில் வைத்து இரண்டு நிமிடம் காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. குழாய் விட்டுக் கொஞ்சம் வயிற்றுச்சாறு எடுத்ததும் மூக்கைத் துளைக்கும் புளித்த வாடை. அமிலத்தை முறிக்க சோடா உப்புக் கரைசல், ரத்தக்குழாயில் ட்ரிப், வலிக்கு ஊசி. நடுராத்திரியில் பக்கத்துத் தொழுவத்தில் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்த கிழப்பசுவின் வயிற்றிலிருந்து ஒரு லிட்டர் சாறு எடுத்து, துணியில் வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் கருப்பியின் வயிற்றில் இறக்கினோம். செத்துப்போன நுண்ணுயிர்களுக்குப் பதிலாக உயிருள்ளவற்றைக் குடியேற்றும் வழி அது. அக்கா விடியும்வரை அதன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள், அசைபோடுவதற்கான முதல் கவளம் தொண்டையில் மேலேறி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அழுதுவிட்டோம். ஆனால் அதோடு முடியவில்லை. அமில நோய் குளம்புக்குள் இருக்கும் மெல்லிய திசுவையும் வீங்க வைக்கும். அடுத்த சில வாரங்களில் கருப்பி முன்னங்காலை மண்டியிட்டு மேய ஆரம்பித்தாள். இன்றைக்கும் மற்ற ஆடுகளைவிட அடிக்கடி அவளுக்குக் குளம்பு சீவ வேண்டியிருக்கிறது.

பட்டினி கிடந்து வரும் மாடு இதைவிடக் கஷ்டம். விலா எலும்பை எண்ணிவிடலாம் போல வந்து நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் தானியம் கலந்த அடர்தீவனத்தைக் கொட்டத்தான் தோன்றும். கொட்டினால் செத்துவிடும். பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்து ஏறும்போது இன்சுலின் கூடி, ரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்ச பாஸ்பரஸும் பொட்டாசியமும் செல்களுக்குள் போய்விடும். இதயமும் மூச்சுத்தசையும் தள்ளாடும். அதனால் நல்ல உலர்புல், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்குப் பல தடவை. அப்புறம் வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுவோம். அது கத்திக்கொண்டே நம்மைப் பார்க்கும். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு இன்னும் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அடுத்த கட்டு என்று நிற்பது இந்த வேலையிலேயே எனக்கு மிகக் கடினமானது. இன்றுவரை பழகவில்லை.

செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் ஒரே தீவனம் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெள்ளாட்டுக்கான தாதுக்கலவையில் இருக்கும் செம்பு செம்மறிக்கு நஞ்சாகலாம். மாதக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலில் சேரும். பிறகு ஏதோ ஒரு பயணம், ஒரு பயம், அவ்வளவுதான். செம்பு ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கி சிவப்பணுக்களை உடைத்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுஞ்சிவப்பாகப் போகும். அதற்குப் பிறகு காப்பாற்றுவது அரிது. அதனால் எங்களிடம் தீவன வாளிகளுக்கு வெவ்வேறு நிறம்.

பன்றி எதையும் தின்னும் என்று சமையலறை மிச்சத்தை மூட்டை கட்டி எடுத்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இறைச்சி கலந்த மிச்சத்தில் கோமாரி, ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வைரஸ்கள் உயிரோடு இருக்க முடியும். 2001-ல் பிரிட்டனில் கோமாரி பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைக் கொன்றார்கள். சரியாக வேகவைக்காத உணவுக்கழிவைப் போட்ட ஒரு பன்றிப் பண்ணையில்தான் அது தொடங்கியது என்று விசாரணையில் முடிவாயிற்று. தவிர, 6 மாதத்தில் 100 கிலோவைத் தாண்டி வெட்டப்படுவதற்காக உருவாக்கப்பட்ட பன்றி, முழு ஆயுளும் வாழ்ந்தால் 250, 300 கிலோ வரை போகும். அந்தப் பாரம் முழுவதும் நான்கு சின்னக் குளம்புகள் மேல். எங்கள் கிழப்பன்றிக்கு மூட்டுவலி மாத்திரை தினமும் உண்டு. எடை ஒரு பத்து கிலோ குறைந்த மாதத்தில் தானாகவே எழுந்து சேற்றுக்குழிக்கு நடந்துபோனது.

பையோடு வருகிறவர்களை நாங்கள் விரட்டுவதில்லை. எந்தக் காப்பகத்துக்குப் போனாலும் முந்தின நாளே கூப்பிட்டு என்ன தேவை என்று கேளுங்கள். பெரும்பாலும் உலர்புல், பழைய துண்டுகள், கட்டுத்துணி என்றுதான் சொல்வார்கள். கொண்டுவந்ததைப் பிளாஸ்டிக் பையோடு வேலியருகில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், மாடு பையையும் சேர்த்தே விழுங்கும். குளம்பு சீவும்போது ஆட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்தால் எங்களுக்கு அன்றைக்குத் திருவிழாதான்.

எதுவும் கொண்டுவரவில்லையா, அதுவும் நல்லதுதான். மதியம் எங்கள் கிழப்பசு மர நிழலில் படுத்திருக்கும். எதிரே உட்கார்ந்துகொள்ளுங்கள். கவளம் ஒன்று கழுத்தில் மேலேறி வருவது வெளியிலேயே தெரியும். அங்கிருந்து எண்ணத் தொடங்கி, அதை விழுங்கும்வரை எத்தனை தடவை மெல்லுகிறது என்று பாருங்கள். நன்றாக இருக்கிற மாடு 50, 60 தடவை மெல்லும். நான்கைந்து கவளம் எண்ணிப் பாருங்கள். 40-க்குக் கீழேயே நின்றால் உடனே வந்து என்னிடம் சொல்லுங்கள்.