புது டயரைப் பின்னாடி போடுங்க, தம்பி

இந்தச் சாரல் சீசனில் இது மூன்றாவது கார். குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பும்போது, தென்காசி தாண்டி, ரோட்டுப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் பின்பக்கம் வீசி, ஒரு சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றிருக்கிறது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின் கதவும் பம்பரும் போயிற்று. வண்டி என் கடைக்கு வந்ததும் முதலில் குனிந்து டயரைத்தான் பார்த்தேன். முன்னால் இரண்டும் புத்தம் புதுசு, அச்சில் வந்த ரப்பர் மீசைகூட உதிரவில்லை. பின்னால் இரண்டும் கிட்டத்தட்ட மொட்டை. முந்தைய இரண்டு வண்டிகளிலும் இதே கதைதான்.

மூன்றுமே டர்போ இஞ்சின் செடான். மிதித்தால் பறக்கும் வண்டிகள். பதினைந்து லட்சம் கொடுத்து வாங்கியவர்கள், டயர் என்று வரும்போது மட்டும் "ரெண்டு போதும் அண்ணாச்சி" என்கிறார்கள். சரி, காசு பிரச்சினை இருக்கலாம், இரண்டே போடுங்கள். ஆனால் எங்கே போடுவது என்பதில்தான் சண்டை வருகிறது.

"இஞ்சின் முன்னாடிதான இழுக்கு, ஸ்டியரிங்கும் முன்னாடி, பிரேக்கும் முன்னாடிதான் அதிகம் பிடிக்கு. அப்போ நல்ல டயர் முன்னாடிதான அண்ணாச்சி?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் நானே அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் மழை ரோட்டில் நடப்பது வேறு. முன் டயர் தண்ணீரில் மிதந்தால் ஸ்டியரிங் லேசாகிவிடும், கையிலேயே தெரியும். வண்டி திரும்பாமல் நேரே போகும். பயத்தில் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுப்பீர்கள், வேகம் குறையும், டயர் மறுபடி ரோட்டைப் பிடிக்கும். பின் டயர் மிதந்தால் உங்கள் கைக்கு ஒரு தகவலும் வராது. வால் வீசிய பிறகுதான் தெரியும். அப்போதும் அதே பயத்தில் காலை எடுப்பீர்கள். எடுத்ததும் வண்டியின் எடை முன்னால் சாயும், பின்பக்கம் இன்னும் லேசாகும், இன்னும் வீசும். சாதாரண ஆள் அதைச் சமாளிக்க முடியாது. முன்னால் இழுக்கிற வண்டியோ, பின்னால் தள்ளுகிற வண்டியோ, பட்டன், அதாவது ரோட்டில் படுகிற பக்கத்து வரிப்பள்ளம், அதிகம் இருக்கிற ஜோடி பின்னால்தான். டயர் கம்பெனிகளும் இதைத்தான் சொல்கின்றன. "ஈஎஸ்சி இருக்கே" என்றார் ஒரு தம்பி, வண்டி வழுக்கினால் தானாகப் பிரேக் பிடித்து நேராக்கும் வசதியைச் சொல்கிறார். அது டயரின் பிடியை வைத்துத்தான் வேலை செய்யும். பிடியே இல்லாத டயரை அது எப்படிப் பிடித்து நிறுத்தும்?

முன் டயர் சீக்கிரம் தேய்கிறது என்பது உண்மை. அதற்கு மருந்து, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்பின் மாற்றிப் போடுவது. நாலும் ஒன்றாகத் தேயும், நாலையும் ஒன்றாக மாற்றலாம். அதுதான் நல்லது.

அடுத்து சைஸ். விர்டஸ், ஸ்லாவியா மாதிரி வண்டிகளுக்கு 205/55 ஆர் 16 வருகிறது. அகலம் 205 மில்லிமீட்டர், அதில் 55 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், ரிம் 16 அங்குலம். "225 போடுங்க, கெத்தா இருக்கும்" என்று வருகிறவர்கள் அந்த 55-ஐ மறந்துவிடுகிறார்கள். 225/55 போட்டால் டயரின் மொத்த உயரம் 632-இல் இருந்து 654 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கிட்டத்தட்ட 103-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். அகல டயர் தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும் என்பது அப்புறம்.

சைஸுக்குப் பக்கத்தில் 91 வி என்று இருந்தால், 91 என்பது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு, அதாவது 615 கிலோ. வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர். "ஆலங்குளம் ரோட்டுல யாரு 240-ல போறா, அதுக்குக் கீழ இருக்கிற எஸ் போதும்" என்பார்கள். அந்த எழுத்து வேகத்துக்கு மட்டும் இல்லை, சூட்டைத் தாங்கும் கட்டுமானத்துக்கும் சேர்த்துத்தான். சித்திரை வெயிலில் நாலு பேரும் டிக்கி நிறைய சாமானுமாக மதுரை நாலுவழிச் சாலையில் போகிற வண்டிக்கு அது வேண்டும். கம்பெனி கொடுத்ததற்குக் கீழே இறங்காதீர்கள்.

அந்த வெயிலுக்குப் பயந்து காற்றைக் குறைத்து வைக்கிறவர்களிடம் எனக்குப் பொறுமையே இல்லை. காற்று குறைந்தால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். வெடிப்பதே அதனால்தான். டிரைவர் கதவைத் திறந்தால் உள்ளே ஸ்டிக்கர் இருக்கிறது. டயர் ஆறியிருக்கும்போது அந்த அளவு வையுங்கள்.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2324 என்றால் 2024-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். செகண்ட்ஸில் "பட்டன் அப்படியே இருக்கு" என்று காட்டுவதைப் பட்டனை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ரப்பருக்கு வயது உண்டு. ஐந்து வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் யாரிடமாவது காட்டுங்கள். மாட்டும்போதும் பக்கத்தில் நில்லுங்கள். அவுட்சைட் என்று எழுதிய பக்கத்தை உள்ளே வைத்து மாட்டிய வண்டிகளை மாதம் ஒன்றாவது கழற்றி மாட்டுகிறேன்.

சட்டப்படி பட்டன் 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம், பள்ளங்களுக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேடு அதைக் காட்டும். ஆரியங்காவுக் கணவாயில் மழையில் ஏறுகிறவர்கள் 3 வந்ததுமே மாற்றிவிடுங்கள். ஐப்பசி பிறந்தால் என் கடையில் கூட்டம் நிற்கும், கேட்ட டயர் இருக்காது, கிடைத்ததைப் போட்டுக்கொண்டு போவீர்கள். ஆவணியிலோ புரட்டாசியிலோ ஒரு நாள் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைப் பக்கம் வரும்போது நிறுத்துங்கள். கேஜ் வைத்துப் பார்க்க நான் காசு வாங்குவதில்லை.